நந்தி கல்யாணமும் நான்கு அனுமானங்களும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையை ஒட்டி அமைந்துள்ள திருமழபாடி என்னும் சிற்றூர், அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலமாதலால் சைவர்களுக்கு நெடுங்காலமாகவே அறிமுகமானதெனினும், பிள்ளைக்கோ பெண்ணுக்கோ வரன் தேடி அலுத்துப்போன பெற்றோருக்கு அது வேறொரு காரணத்தால் நெருங்கிய ஊராகிவிட்டது. பங்குனி மாதத்தில், புனர்பூச நட்சத்திரத்தன்று, திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் தம் பிள்ளையாகப் பாவிக்கும் நந்தியெம்பெருமானை மாப்பிள்ளைக் கோலத்தில் அழைத்துக்கொண்டு கொள்ளிடத்தைக் கடந்து வர, சிலாத முனிவரின் புதல்வராகிய அவருக்கும் வியாக்கிரபாத முனிவரின் மகளாகிய சுயசாம்பிகைக்கும் இவ்வூரில் திருக்கல்யாணம் நிகழ்கிறது. 'நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்' என்பது பழமொழி. ஓர் ஆண்டின் நந்தி கல்யாணத்தைத் தரிசித்த கன்னியருக்கும் காளையருக்கும் மறு ஆண்டின் நந்தி கல்யாணத்துக்கு முன்பாகவே மணமாகிவிடும் என்று அதற்குப் பெரியோர் பொருள் சொல்லுவார்கள்.

இந்த நம்பிக்கை மெய்யா பொய்யா என்பது இக்கட்டுரையின் விசாரணை அன்று. அதைக் கோயிலுக்குச் செல்பவர்களிடமே விட்டுவிட்டு, பழமொழியின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அரசாங்க உத்தியோகத்துக்கும் உயர்கல்விக்கும் நடத்தப்படும் தேர்வுகள் பலவற்றில், பயிற்சி மையத்துப் பிள்ளைகள் 'ரீசனிங்' என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு பகுதி இன்று இடம் பெற்றிருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 25 திறனறிவுக்கும் மனக்கணக்குக்கும் ஒதுக்கப்பட்டவை. 2011ஆம் ஆண்டு முதல் மத்திய சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளிலும் தர்க்க வினாக்கள் வந்து சேர்ந்தன. அவ்வினாக்களில் பலவற்றின் ஜீவன், மேற்கண்ட பழமொழியைப் போன்ற ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது என்று கேட்பதிலேயே இருக்கிறது. திருமழபாடியின் பழமொழியோ, அத்தகைய வினாவுக்கென்றே யாரோ யோசித்து அமைத்தது போன்ற வடிவம் உடையது.

பழமொழிகள் 'எல்லோருக்கும்' என்றோ 'சிலருக்கு' என்றோ தொகை சொல்லாமல் போகும் சுபாவம் உடையவையாதலால், வினாவுக்கு உரியதாக்கும் பொருட்டு அதைச் சற்று இறுக்கி, 'நந்தி கல்யாணம் கண்ட மணமாகாதவர் அனைவருக்கும் ஓராண்டுக்குள் மணம் நடக்கும்' என்று எழுதிக்கொள்வோம். தேர்வுத்தாளின் வழக்கப்படி இதை மெய்யென்றே ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இப்போது நான்கு பேர் நம் முன்னே நிற்கிறார்கள். ஒரு பெண் கல்யாணத்தைக் கண்டவள். ஆகவே அவளுக்கு மணமாகும் என்பது ஒருவரும் ஐயுறாமல் ஒப்பும் அனுமானம். இரண்டாமவன் அன்றைக்கு ஊரில் இல்லாத பிள்ளை. ஆகவே அவனுக்கு மணமாகாது என்று சொல்லலாமா என்றால், சொல்லக் கூடாது. காணாதவரைப் பற்றி வாக்கியம் வாயே திறக்கவில்லை. மூன்றாமவளுக்குத் தை மாதத்தில் மணமாயிற்று. ஆகவே அவள் திருமழபாடிக்கு வந்திருப்பாள் என்பதும் தவறு. பிற தலங்களும், தரகர்களும், அத்தைமார்களும் உலகத்தில் இருக்கத்தானே செய்கிறார்கள்! நான்காமவனுக்கு ஆண்டு முடிந்தும் மணமாகவில்லை. இவனைப் பற்றி, கேட்டவுடனே பெரும்பாலோர் தயங்குகிறார்கள். ஆனால் 'இவன் நந்தி கல்யாணம் காணவில்லை' என்பது, முதலாவது அனுமானத்துக்கு எள்ளளவும் குறையாத நிச்சயத்துடன் பெறப்படும் முடிவாகும். கண்டிருந்தால் மணமாகியிருக்க வேண்டும், ஆகவில்லை, ஆதலால் காணவில்லை.

'அவன் என் கண்ணெதிரே நின்று கல்யாணம் பார்த்தானே, அவனுக்கு இன்னும் ஆகவில்லையே' என்று இங்கே ஒருவர் ஆட்சேபிக்கக் கூடும். அவருடைய ஆட்சேபம் நியாயமானதே. எனினும் அது நம்முடைய அனுமானத்தைத் தாக்கவில்லை, தொடக்கத்தில் ஏற்றுக்கொண்ட வாக்கியத்தையே தாக்குகிறது. ஒரு முடிவு, ஏற்றுக்கொண்ட வாக்கியமாகிய முன்னுரையிலிருந்து பெறப்படுகிறதா என்பது ஒரு கேள்வி. முன்னுரை உலகத்தோடு பொருந்துகிறதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. தேர்வு எழுதும் பிள்ளைகளில் நல்ல அறிவாளிகளே இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, தாங்கள் அறிந்த உலகத்தை வினாவுக்குள் கொண்டுவந்து, வாக்கியத்தில் இல்லாத நியாயங்களையெல்லாம் அதற்கு வழங்கிவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அறியாமையால் வரும் பிழையைவிட இந்த அதிக அறிவால் வரும் பிழையைத் திருத்துவது கடினம் என்பது என் அபிப்பிராயம்.

1966ஆம் ஆண்டில் பீட்டர் வாசன் என்ற ஆங்கில உளவியல் அறிஞர், இந்நான்கு அனுமானங்களையும் ஒரே சோதனைக்குள் அடக்கிக் காட்டினார். நான்கு அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண், 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்' என்பது விதி. மேசைமேல் ஓர் உயிரெழுத்தும், ஒரு மெய்யெழுத்தும், ஓர் இரட்டைப்படை எண்ணும், ஓர் ஒற்றைப்படை எண்ணும் தெரியும்படி வைத்து, விதி மெய்தானா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆகவேண்டும் என்று கேட்டார். கல்லூரியில் படித்தவர்களிடையேயும் சரியான விடை சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலோர் உயிரெழுத்தையும் இரட்டைப்படை எண்ணையும் திருப்பினார்கள். திருப்ப வேண்டியவையோ உயிரெழுத்தும் ஒற்றைப்படை எண்ணும்.

இதையே திருமழபாடிக்குக் கொண்டுவந்து பார்த்தால் வாசனின் அட்டைகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. ஓராண்டு கழித்துக் கோயில் வாசலில் நின்று பழமொழியைப் பரீட்சிக்க விரும்பும் ஒருவர் யாரை விசாரிக்க வேண்டும்? நம்முடைய மனம் உடனே புதுத்தாலி அணிந்த பெண்ணிடம் ஓடிச்சென்று, 'நீ போன வருஷம் நந்தி கல்யாணம் பார்த்தாயா அம்மா?' என்று கேட்கச் சொல்லும். அவள் 'பார்த்தேன்' என்றாலும் 'பார்க்கவில்லை' என்றாலும் பழமொழிக்கு ஒரு ஹானியும் வராதாகையால், அந்தக் கேள்வியால் பயன் இல்லை. விசாரிக்க வேண்டியவர்கள் இரு சாரார்: சென்ற ஆண்டு கண்டவர்கள், இன்னமும் மணமாகாதவர்கள். இரண்டாவது சாராரைத் தேடிப் போவதற்கு எவருக்கும் தோன்றாது. தோன்றினாலும் அவ்வாறு கேட்பது மரியாதையாகாது. ஒரு நம்பிக்கையை உறுதி செய்யும் சாட்சிகள் தாமாகவே கோயிலைத் தேடி வருவதும், அதை அசைக்கக்கூடிய சாட்சிகள் வீட்டிலேயே மௌனமாக இருந்துவிடுவதும் மனித வாழ்க்கையின் இயல்பாக இருக்கிறபடியால், வாசனின் சோதனையில் மனம் செய்த பிழையை உலகமும் நமக்காக ஒரு முறை செய்து வைத்துவிடுகிறது.

ஆயினும் மனித அறிவைப் பற்றி இதனால் அதிகமாக விசனப்பட வேண்டியதில்லை. 1982ஆம் ஆண்டில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்து மாணவர்களுக்கு அதே வினாவை, 'பீர் குடிப்பவர் 19 வயதைக் கடந்தவராயிருக்க வேண்டும்' என்ற விதியாக மாற்றிக் கொடுத்தபோது, ஏறத்தாழ நால்வரில் மூவர் பிழையின்றி விடை சொன்னார்கள். குடிப்பவரின் வயதைப் பார்க்க வேண்டும், சிறுவனின் கோப்பையைப் பார்க்க வேண்டும். முதியவர் எதைக் குடித்தால் யாருக்கென்ன? விதியை மீறுகிறவனைத் தேடச் சொன்னால் கூர்மையாக வேலை செய்யும் புத்தி, விதியின் மெய்ம்மையைத் தேடச் சொன்னால் மழுங்கிவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன என்பதில் உளவியலாருக்குள் இன்றும் வழக்கு தீரவில்லை.

காணாதவருக்கு மணமாகாது என்று மனம் தானாகவே தலைகீழாக்கிக் கொள்வதற்கோ ஒரு கௌரவமான காரணம் உண்டு. 'பாடத்தை முடித்தால் திருவிழாவுக்கு அழைத்துப் போகிறேன்' என்று தாய் சொல்லும்போது, முடிக்காவிட்டால் போக முடியாது என்பதையும் பிள்ளை சேர்த்தே கேட்டுக்கொள்கிறான், கேட்டுக்கொள்வது சரியும்கூட. இவ்வாறு வாக்கியம் சொல்லாததையும் சொன்னதாகக் கொள்ளும் பழக்கத்தை 1971இல் கைஸ், ஸ்விக்கி என்னும் மொழியியலார் ஆராய்ந்து, கேட்பவரை அழைத்து நிற்கும் அனுமானம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞரோ, உரையாடுகிறவர்கள் தமக்குள் எழுதாத ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, தேவையான அளவுக்குக் குறைவாகச் சொல்வதில்லை என்ற நம்பிக்கையின்மேல் பேசுகிறார்கள் என்று விளக்கினார். 'தேருக்கு வந்தவர்களில் சிலர் திருவையாற்றுக்காரர்கள்' என்று ஒருவர் சொன்னால், எல்லோரும் திருவையாற்றுக்காரர்களாயிருந்தால் இவர் அப்படியே சொல்லியிருப்பாரே என்று எண்ணி, மற்றவர்கள் வேறு ஊரார் என்று நாம் முடிவு செய்வது அந்த ஒப்பந்தத்தினால்தான். தேர்வுத்தாள் அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அங்கே 'சிலர்' என்றால் 'ஒருவராவது' என்று மட்டுமே பொருள்; அனைவரும் திருவையாற்றுக்காரர்களாயிருந்தாலும் வாக்கியம் மெய்யே. ஆகவே தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, பிறந்தது முதல் பழகிய ஒரு சம்பிரதாயத்தை மூன்று மணி நேரத்துக்குக் கழற்றி வைக்கக் கற்க வேண்டியவனாகிறான்.

இந்தச் சாமர்த்தியத்துக்கு வேண்டிய கருவிகள் தமிழ் இலக்கணத்திலேயே கிடக்கின்றன. பயிற்சி மையங்கள் அவற்றை ஏன் எடுத்துக் காட்டுவதில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 'கண்டால் மணமாகும்' என்ற வாக்கியத்தில் ஒரு சிறு சொல்லைச் சேர்த்து, 'கண்டால்தான் மணமாகும்' என்று சொல்லிப் பாருங்கள். அனுமானங்கள் நான்கும் இடம் மாறிவிடுகின்றன. முன்னே பிழையாயிருந்த இரண்டும் இப்போது சரியாகி, காணாதவனுக்கு மணமாகாது என்பதும் மணமானவள் கண்டிருப்பாள் என்பதும் பெறப்படும். ஆனால் கண்டவளுக்கு நிச்சயமாக மணமாகும் என்ற உறுதி போய்விடும். போதுமான நிபந்தனையாக இருந்தது இன்றியமையாத நிபந்தனையாக மாறிவிட்டது. தொல்காப்பியர் வகுத்த பிரிநிலை ஏகாரமும் இதே தொழிலைச் செய்கிறது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவரே குரூப் 4 தேர்வு எழுதலாம் என்னும் விதியில் அந்த ஏகாரம் தேர்ச்சி பெறாதவரை விலக்குகிறதே தவிர, தேர்ச்சி பெற்ற எல்லோரையும் உள்ளே விடுவதில்லை. வயது வரம்பு என்று மற்றொரு வாயிற்காவலன் அங்கே நிற்கிறான்.

உம்மையின் கதை இன்னும் சுவாரசியமானது. 'எல்லா மாணவரும் தேர்ச்சி பெற்றனர்' என்பதில் உள்ள முற்றும்மை ஒருவரையும் விடாது பிடிக்கிறது. 'எல்லா மாணவரும் தேர்ச்சி பெறவில்லை' என்று எதிர்மறையாக்கினால், ஒருவருமே தேறவில்லை என்றும் கொள்ளலாம்; சிலர் தேறினர், சிலர் தேறவில்லை என்றும் கொள்ளலாம். எதிர்மறையோடு சேர்ந்த முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளைத் தரும் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே குறித்து வைத்திருக்கிறார்கள். இத்தகைய வாக்கியம் வினாத்தாளில் வந்துவிட்டால் செய்யத்தக்கது, இரண்டு பொருள்களில் எதைக் கொண்டாலும் நிலைக்கும் முடிவை மட்டும் எடுப்பதே: 'தேறாத மாணவர் ஒருவராவது உண்டு' என்பது இரண்டிலும் நிற்கும், 'சிலராவது தேறினர்' என்பது ஒன்றில் விழுந்துவிடும். நல்ல வினா அமைப்பவர் இந்த இரட்டைப் பொருளுக்கு இடமே வைக்க மாட்டார். இங்கிலீஷில் எழுதி அவசரமாகத் தமிழாக்கிய வினாக்களில் இது நேர்ந்து, சரியாக யோசித்த பிள்ளைகள் தண்டனை பெறுவது கொடுமை.

பழமொழியைத் தலைகீழாக்கும் பிழைக்குத் தமிழில் ஒரு பெயரே உண்டு என்பதைப் பலரும் அறியார். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தர்களின் அளவை நூலைப் போதிக்கும்போது, பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று அனுமானத்தின் குற்றங்களை வகுத்துச் சொல்கிறார். எடுத்துக்காட்டின் குற்றங்களாகிய திட்டாந்தப் போலிகளுக்குள் விபரீதான்னுவயம் என்பது ஒன்று. செய்யப்பட்டது எதுவோ அது அழியும் என்று சொல்ல வேண்டியவன், அழிவது எதுவோ அது செய்யப்பட்டது என்று முன்பின்னாக மாற்றிச் சொல்வது அந்தக் குற்றம். எதிர்மறையில் செய்யும் அதே மாற்றத்துக்கு விபரீத வெதிரேகம் என்று பெயர். வாசனின் அட்டையை வீணாகத் திருப்பியவர்கள் செய்த தவறும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரு காவியத்தின் நாயகிக்குத் துறவறத்தின் வாசலில் வைத்துத் தர்க்கத்தின் பிழைகளைப் பாடம் சொல்லும் இலக்கியம் வேறெந்த மொழியில் இருக்கிறதோ, நான் கண்டதில்லை.

நியாய சாஸ்திரிகள் இதே விஷயத்தைப் புகையையும் நெருப்பையும் வைத்து விளக்குவார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டென்பதற்கில்லை, காய்ச்சிப் பழுத்த இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகும் கூடினால்தான் புகை எழும். இவ்வாறு மறைந்து நின்று காரியத்தை முடிக்கும் நிபந்தனைக்கு அவர்கள் உபாதி என்று பெயர் வைத்தார்கள். நந்தி கல்யாணத்துக்கு வரும் குடும்பங்களைச் சற்றே இந்த உபாதிக் கண்ணோடு நோக்குங்கள். பிள்ளைக்கு வயது வந்து, ஜாதகம் எடுத்து, நாலு பேரிடம் சொல்லி வைத்து, வரன் பார்க்கத் தொடங்கிய வீட்டாரே பெரும்பாலும் அங்கு வருவார்கள். பத்து வயதுப் பையனுக்காக ஒருவரும் வேண்டிக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஓராண்டுக்குள் மணம் கூடுவதற்கு அந்தத் தேடலே ஈர விறகாக நிற்கக் கூடும். பள்ளிப் பாடநூல்களிலும் தேர்வாணையத்தின் தாள்களிலும் வரும் கூற்று-காரண வினாக்களின் நான்கு விடைகளுள், 'கூற்றும் காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கமன்று' என்ற ஒன்று இருக்கிறதே, அதன் உட்பொருள் இதுதான். கண்டார்கள் என்பதும் மெய்யாயிருக்கலாம், மணமாயிற்று என்பதும் மெய்யாயிருக்கலாம். அதனால் இது விளைந்தது என்பதற்கு மூன்றாவதாக ஒரு சான்று வேண்டும்.

வாக்கியங்களை விட்டுவிட்டுக் கற்களுக்கு வந்தாலும் திருமழபாடி நம்மை விடுவதில்லை. ஒரு கோயில் சுவரில் ஓர் அரசனுடைய ஆட்சியாண்டு பொறித்த சாசனம் இருந்தால், அந்தச் சுவர் அவ்வரசன் காலத்திலோ அதற்கு முன்போ கட்டப்பட்டது என்று நாம் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். எழுத்து வெட்டுவதற்கு முன்னால் சுவர் இருந்தாக வேண்டுமல்லவா? ஆனால் இவ்வூர் வைத்தியநாதசுவாமி கோயிலில் நடந்தது வேறு. முதலாம் ராஜராஜன் இக்கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, பழைய சுவர்களிலிருந்த சாசனங்கள் அழிந்து போகாதபடி அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். அவன் மகன் ராஜேந்திரனின் ஆட்சியில், அந்தப் படியிலிருந்து அவை புதுச் சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இந்தச் செய்தியும் கல்லிலேயே வெட்டப்பட்டிருப்பதால் நமக்குத் தெரிகிறது. ஆகவே ராஜராஜனுக்கு முந்திய ஓர் அரசனின் ஆண்டு அச்சுவரில் காணப்பட்டாலும், சுவர் அவ்வளவு பழமையானது என்பது வராது. நம்முடைய அனுமானத்துக்குள், சாசனம் எழுந்த காலமும் எழுத்து வெட்டப்பட்ட காலமும் ஒன்றே என்று ஒரு முன்னுரை சொல்லாமலே புகுந்திருந்தது; மற்றக் கோயில்களில் அது பெரும்பாலும் மெய்யாகிவிடுவதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

அப்படியானால் அந்தக் கல்லிலிருந்து என்னதான் பெறப்படும்? குறிக்கப்பட்ட ஆண்டில் ஒரு தானம் செய்யப்பட்டதாக வாசகம் கூறுகிறது என்பது ஒன்று. அவ்வெழுத்து அவ்வாண்டிலோ அதற்குப் பின்னரோ வெட்டப்பட்டது என்பது மற்றொன்று. எழுத்தின் உருவத்தைக் கொண்டு காலத்தை நிதானிக்கும் கல்வெட்டறிஞர் வந்து, இவ்வெழுத்து பதினோராம் நூற்றாண்டின் கை என்று சொன்னால், 'பின்னரோ' என்ற சொல் அதுவரை திறந்து வைத்திருந்த இடத்தில் ஒரு விவரம் வந்து அமர்கிறது. சுந்தரர் எட்டாம் நூற்றாண்டில் இத்தலத்தைப் பாடினார் என்பதிலிருந்து, அப்போது இங்கே இறைவன் எழுந்தருளியிருந்தான் என்பது வரும். இன்று நாம் வலம் வரும் கற்றளியை அவர் வலம் வந்தார் என்பது வராது, ராஜராஜனின் ஆணையை அறிந்த பிறகு அது மறுக்கவும்படும்.

அந்த ஆணையையும் இதே எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். படியெடுக்கும்படி கட்டளை பிறந்தது என்பதிலிருந்து, பழைய சுவரில் இருந்த ஒவ்வொரு வரியும் புத்தகத்தில் ஏறிற்று என்று கொள்ளலாகாது; சிதைந்து வாசிக்க முடியாத கற்கள் இருந்திருக்கலாம். புத்தகத்தில் ஏறியவை அனைத்தும் கல்லில் மறுபடியும் இறங்கின என்பதும் அப்படியே. ஆகையால், இன்ன அரசனோ இன்ன அரசியோ இக்கோயிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று, சுவரில் சாசனம் காணாமையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எழுதத் துணியும் ஆராய்ச்சியாளர், 'அவர் பெயரில் இன்றைய சுவரில் சாசனம் இல்லை' என்பதோடு தம் வாக்கியத்தை முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.